ஏழாம் அத்தியாயம்: பணத்துக்குப் பொறுப்பாளி யார்?

1906-ஆம் ஆண்டு அக்டோபர் 22-ஆம் தேதி, சென்னையில் பெரும் பெயரும் செல்வாக்கும் பெற்று விளங்கிய அர்பத்நாட் கம்பெனி திவாலாகிக் கதவை மூடியபோது, ஆயுட்காலச் சேமிப்பை அதில் போட்டுவைத்திருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் திவால் நீதிமன்றத்தின் வாசலில் காத்திருப்பதைத் தவிர வேறு கதி இருக்கவில்லை. அவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட அதிகாரி ஒருவரும் அன்றைய அரசாங்கத்தில் இல்லை. அந்த அதிர்ச்சியிலிருந்து, வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோரின் முயற்சியால் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. பின்னர் 1935-இல் ரிசர்வ் வங்கியும், 1949-இல் வங்கி ஒழுங்குமுறைச் சட்டமும், 1962-இல் வைப்புக் காப்பீடும் ஒன்றன்பின் ஒன்றாக ஏற்பட்டன. வங்கி என்னும் ஸ்தாபனத்திடம் ஒருவர் தம் பணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடிகிறதென்றால், இத்தனை பேர் அதற்குப் பொறுப்பாக நிற்கிறார்கள் என்பதே காரணம்.

இப்பொழுது கைப்பேசியும் கணினியும், அவற்றின் வழியே வந்த டிஜிட்டல் நாணயங்களும், வங்கி செய்துவந்த வேலைகளை ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்து வேறு கைகளுக்கு மாற்றிக்கொண்டிருக்கின்றன. வேகமும் சௌகரியமும் பெருகியிருப்பதில் ஐயமில்லை. ஆனால் வேலை இடம் மாறியபோது பொறுப்பும் கூடவே மாறிச் சென்றதா என்பதை அவரவரே விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டிய காலம் இது. ஆகையால் இந்த அத்தியாயம் முழுவதும் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டு நடப்போம். இந்தப் பணத்தைத் தருவதாக வாக்குக் கொடுத்திருப்பவர் யார்? அவர் வாக்குத் தவறினால் நான் எங்கே போய்க் கேட்பது?

வங்கி செய்துவந்த மூன்று காரியங்கள்

பணத்தைக் காப்பது, பணத்தை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு அனுப்புவது, பணத்தைக் கடனாகக் கொடுப்பது ஆகிய மூன்றும் நெடுங்காலமாக ஒரே கூரையின்கீழ் நடந்துவந்தன. ஊரில் கடை வைத்திருந்த ஒருவர் தம் நடப்புக் கணக்கில் வட்டியில்லாமல் விட்டுவைத்திருந்த தொகையை வங்கி இன்னொருவருக்கு வட்டிக்குக் கொடுத்தது. டிராஃப்ட் எடுத்தவரிடம் கமிஷன் வாங்கியது. காசோலை வெளியூரிலிருந்து வசூலாகி வரும்வரை இடையில் கிடந்த நாட்களிலும் அதற்கு அனுகூலம் இருந்தது. ஒரு காரியத்தில் கிடைத்த லாபம் இன்னொரு காரியத்தின் செலவைத் தாங்கிற்று. கிளை மானேஜருக்கு வாடிக்கையாளரின் வரவுசெலவும் குணமும் தெரிந்திருந்தமையால், கடன் கொடுப்பதா வேண்டாமா என்பதையும் அவரே தீர்மானித்தார்.

தொழில்நுட்பம் இந்தக் கட்டுக்கோப்பைத்தான் கலைத்திருக்கிறது. அனுப்பும் வேலை யூபிஐக்குப் போய்விட்டது. சிறு கடன் கொடுக்கும் வேலையில் பெரும்பங்கைச் செயலிகள் எடுத்துக்கொண்டன. காக்கும் வேலைக்கே வங்கி அவசியமில்லை என்ற கோஷத்துடன் கிரிப்டோ நாணயங்கள் வந்தன. இம்மூன்றையும் தனித்தனியே ஆராய்வோம்.

பணத்தை அனுப்புதல்

ரிசர்வ் வங்கியும் இந்திய வங்கிகள் சங்கமும் முன்னின்று 2008-இல் அமைத்த தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம், 2010-இல் உடனடிப் பணமாற்று முறையைத் தொடங்கி, அதன்மீது 2016 ஏப்ரல் மாதத்தில் யூபிஐ என்னும் பொதுப் பாதையை அமைத்தது. அவ்வாண்டு நவம்பர் 8-ஆம் தேதி 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாதென்று அறிவிக்கப்பட்டதும், அதுவரை இதை ஏறிட்டுப் பாராத கடைக்காரர்கள்கூட வேறு வழியின்றி இதன் பக்கம் திரும்பினார்கள். 2023 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் நடந்த பரிவர்த்தனைகள் 1000 கோடியைக் கடந்தன.

காய்கறிக் கடையில் 140 ரூபாய் கொடுக்கும்போது என்ன நடக்கிறதென்று ஒருமுறை நிதானமாகப் பார்ப்பது பிரயோஜனமானது. கடையில் தொங்கும் அட்டையிலுள்ள கியூஆர் கட்டத்துக்குள் கடைக்காரரின் யூபிஐ முகவரி அடங்கியிருக்கிறது. நீங்கள் ஸ்கேன் செய்ததும் செயலி அந்த முகவரியைப் படித்து, அதற்குரிய பெயரைத் திரையில் காட்டுகிறது. தொகையை இட்டு, நான்கு அல்லது ஆறு இலக்கமுள்ள ரகசியப் பின் எண்ணை அழுத்துகிறீர்கள். அந்த எண் பூட்டிய வடிவத்தில் உங்கள் வங்கிக்குப் போய்ச் சரிபார்க்கப்படுகிறது. செயலி நடத்தும் நிறுவனம் அதைப் பார்க்க முடியாது. உங்கள் வங்கி கணக்கில் 140 ரூபாயைக் கழிக்க, கழகத்தின் வழியே செய்தி கடைக்காரரின் வங்கியை அடைந்து, அங்கே வரவு வைக்கப்படுகிறது. கடையிலுள்ள ஒலிப்பெட்டி தொகையைச் சொல்லிவிடுகிறது. ஒரு வங்கி மற்றொன்றுக்குக் கொடுக்க வேண்டிய மொத்தத் தொகையை அவை பின்னர் ரிசர்வ் வங்கியில் தமக்குள்ள கணக்குகளில் தீர்த்துக்கொள்கின்றன.

இதில் கவனிக்க வேண்டிய விசேஷம் ஒன்று உண்டு. பணம் முதலிலிருந்து கடைசிவரை வங்கியில்தான் இருக்கிறது. ஆனால் ஜனங்கள் பார்ப்பது செயலியின் பெயரை. போன்பே, கூகுள் பே ஆகிய இரண்டும் சேர்ந்து மொத்தப் பரிவர்த்தனைகளில் ஐந்தில் நான்கு பங்குக்கும் மேல் கையாளும் நிலை வந்தமையால், எந்தச் செயலியும் 30 சதவீதத்துக்கு மேல் போகலாகாதென்று கழகம் 2020-இல் விதித்த வரம்பு, நிறைவேற்றும் கெடு தள்ளித்தள்ளி வைக்கப்பட்டு, ஏட்டளவிலேயே நின்றது. 2020 ஜனவரி முதல் இவ்வகைப் பட்டுவாடாவுக்கு வியாபாரியிடம் கட்டணம் வசூலிக்கக் கூடாதென்று அரசாங்கம் ஏற்பாடு செய்துவிட்டதால், வங்கிக்கு இதில் நேரான வருமானமும் கிடையாது. செலவு மட்டும் உண்டு. முன்பு கமிஷன் பெற்றுத்தந்த வேலை இப்போது செலவு வைக்கிறது. வாடிக்கையாளரின் பழக்கமும் வேறொருவரிடம் போய்விட்டது. பாரம்பரிய வங்கிகள் கலங்கி நிற்பதன் காரணம் இவ்விரண்டிலும் அடங்கியிருக்கிறது.

உபயோகிப்போர் மனத்திற்கொள்ள வேண்டிய விதிகள் சில:

முதலாவது, பின் எண் பணம் கொடுப்பதற்கு மட்டுமே உரியது. பணம் வாங்குவதற்கு எந்தச் சந்தர்ப்பத்திலும் அது தேவைப்படாது. “உங்களுக்குப் பணம் அனுப்பியிருக்கிறேன், பின் எண்ணைப் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்” என்று ஒருவர் சொன்னால், அவர் கேட்பது உங்கள் பணத்தை என்று கொள்க.

இரண்டாவது, ஸ்கேன் செய்தபின் திரையில் தோன்றும் பெயரை வாய்விட்டுக் கடைக்காரரிடம் படித்துக்காட்டிவிட்டுத் தொகையை அழுத்துங்கள். அட்டையின்மேல் இன்னொருவருடைய கட்டத்தை ஒட்டிவைக்கும் மோசடி இதனால் வெளிப்பட்டுவிடும். தவறான நபருக்கு நீங்களே அனுப்பிவிட்ட பணத்தை வங்கி தன்னிச்சையாகத் திருப்பி எடுக்க இயலாது. பெற்றவரின் சம்மதம் வேண்டும்.

மூன்றாவது, கணக்கில் கழிந்தும் பெறுபவருக்குச் சேராத பணத்துக்காகப் பதற வேண்டாம். மறுபடி உடனே அனுப்பவும் வேண்டாம். ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் விதித்தபடி, தனி நபருக்கு அனுப்பிய தொகை மறுநாளைக்குள்ளும், வியாபாரிக்கு அனுப்பியது ஐந்து நாளைக்குள்ளும் தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வீதம் ஈடு தர வேண்டும். இந்த ஈட்டை நீங்கள் கேட்காமலே வரவு வைப்பது வங்கியின் கடமை.

நான்காவது, தேநீர்க் கடை, பேருந்துச் சீட்டு போன்ற சில்லறைச் செலவுகளுக்கு யூபிஐ லைட் சௌகரியமானது. ஆனால் அதில் பின் எண் கேட்கப்படுவதில்லையாதலால், தொலைபேசிக்குப் பூட்டு இல்லாதவர்கள் அதில் பெருந்தொகை வைக்கக் கூடாது. சாதாரண பொத்தான் போன் வைத்திருப்பவர்களுக்கு 2022 மார்ச் முதல் யூபிஐ 123பே என்னும் மார்க்கம் இருக்கிறது.

எல்லை கடந்த அனுப்புதலுக்கும் இப்பாதை நீண்டிருக்கிறது. 2023 பிப்ரவரியில் சிங்கப்பூரின் பேநவ் முறையுடன் இது இணைக்கப்பட்டது. அங்கே வேலை செய்யும் மகன் தஞ்சாவூரிலுள்ள தாயாருக்குச் செலவுப் பணம் அனுப்ப, கமிஷன் கடையின் வரிசையில் நிற்க வேண்டியதில்லை. 2024 பிப்ரவரியில் இலங்கையிலும், நம் நாட்டுப் பயணிகள் கடைகளில் யூபிஐ மூலம் கொடுக்கும் வசதி தொடங்கப்பட்டது.

பணத்தைக் காத்தல்

கைப்பேசியின் திரையில் தொகை ஒரே எழுத்தில், ஒரே நிறத்தில் தோன்றினாலும், அதன் பின்னால் நிற்கும் வாக்கு ஒன்றல்ல. இந்த வேற்றுமையை அறிவதே இந்த அத்தியாயத்தின் சாரம்.

வங்கிக் கணக்கிலுள்ள தொகை, வங்கி உங்களுக்குத் தர வேண்டிய கடன். அவ்வங்கி முறிந்துவிட்டால், 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய் வரை வைப்புக் காப்பீட்டுக் கழகம் தரும். அதற்கு முன்பு வரம்பு 1 லட்சமாக இருந்தது. இந்த 5 லட்சம், அசலும் வட்டியும் சேர்ந்தது. ஒரே வங்கியின் பல கிளைகளில் ஒருவர் தம் பெயரில் போட்டிருப்பவற்றை எல்லாம் கூட்டியே கணக்கிடப்படுவது. ஆகவே, பெருந்தொகை வைத்திருப்பவர்கள் கிளைகளைப் பெருக்குவதால் பயனில்லை. வங்கிகளைப் பெருக்க வேண்டும். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்கள், நிதிகள், சீட்டுக் கம்பெனிகள் ஆகியவற்றிலுள்ள பணத்துக்கு இக்காப்பீடு கிடையாது.

வங்கி வைப்பின் பின்னால் நிற்கும் பாதுகாப்பு வெறும் காகிதமல்ல என்பதற்கு நம் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. 1926-இல் கரூரில் தோன்றிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பர் 17-ஆம் தேதி முடக்கத்துக்கு உள்ளாகி, வைப்பாளர் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாதென்று தடை விதிக்கப்பட்டபோது, வியாபாரிகளும் ஓய்வூதியர்களும் கலங்கித்தான் போனார்கள். பத்தே நாளில் அவ்வங்கி டிபிஎஸ் வங்கியுடன் இணைக்கப்பட்டு, வைப்பாளர் பணம் முழுவதும் காப்பாற்றப்பட்டது. பங்கு வைத்திருந்தவர்களுக்கோ ஒன்றும் மிஞ்சவில்லை. வைப்பு என்பது வாக்கு, பங்கு என்பது துணிவு என்ற வேற்றுமையை அந்தப் பத்து நாள் தெளிவாக்கிவிட்டது.

வாலெட் என்பது வேறு. வங்கியல்லாத நிறுவனத்தின் வாலெட்டில் நீங்கள் முன்கூட்டிப் போட்டுவைக்கும் தொகை, அந்நிறுவனம் பொருளாகவோ சேவையாகவோ தீர்ப்பதாகச் சொன்ன வாக்கு. அத்தொகையை அது தனியான வங்கிக் கணக்கில் ஒதுக்கிவைக்க வேண்டுமென்று விதி இருந்தாலும், உங்கள் பெயரில் வைப்புக் காப்பீடு இல்லை. ஆகையால் வாலெட்டில் ஒரு வாரச் செலவுக்கு மேல் தேங்கவிடாதிருப்பது நலம். பேமெண்ட் வங்கிகளில் காப்பீடு உண்டு. ஆனால் ஒருவர் 2 லட்சத்துக்கு மேல் வைக்க முடியாது, அவை கடன் கொடுக்கவும் முடியாது. அவ்வகை வங்கிகளில் மிகப் பிரபலமாயிருந்த பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கி, 2024 மார்ச் 15-ஆம் தேதிக்குப்பின் புதிய வரவு எதையும் ஏற்கக் கூடாதென்று ரிசர்வ் வங்கி தடைசெய்தபோது, வைத்திருந்த மீதியை எடுத்துக்கொள்ளவோ செலவழிக்கவோ வாடிக்கையாளருக்குத் தடையிருக்கவில்லை. ஆயினும் சம்பளமும் மானியமும் அதன் வழியே பெற்றவர்கள் அவசரமாக வேறு கணக்குத் தேட நேர்ந்தது. ஒரே வழியை நம்பியிருப்பதன் அபாயம் அது.

டிஜிட்டல் ரூபாய் இவை இரண்டிலும் சேராதது. 2022 டிசம்பர் 1-ஆம் தேதி மும்பை, புதுடில்லி, பெங்களூரு, புவனேசுவரம் ஆகிய நான்கு நகரங்களில் பரீட்சார்த்தமாகச் சாமான்யர் உபயோகத்துக்கு வந்த இது, நோட்டும் சில்லறையும் போன்ற அதே மதிப்பளவுகளில், ரிசர்வ் வங்கியே வெளியிடும் பணம். வங்கிச் செயலியின் வழியே கைக்கு வந்தாலும் அது அவ்வங்கியின் கடனல்ல. மடியிலுள்ள நோட்டைப் போல ரிசர்வ் வங்கியின் நேரடி வாக்கு. அதனால் வங்கி முறிந்தாலும் அதற்குப் பழுதில்லை. அதனாலேயே அதற்கு வட்டியும் இல்லை. வைப்புகள் எல்லாம் இதற்கு மாறிவிட்டால் வங்கிகள் கடன் கொடுக்கப் பணம் எங்கிருந்து வரும் என்ற கவலைதான் உலகெங்கும் மத்திய வங்கிகள் இவ்விஷயத்தில் மெதுவாக அடியெடுத்து வைப்பதற்குக் காரணம். சேமிப்புக்கு இது உகந்ததல்ல. கைச்செலவுக்கு உபயோகித்துப் பார்ப்பதில் தவறில்லை.

யாருடைய வாக்கும் இல்லாத நாணயம்

2008 செப்டம்பரில் அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் திவாலாகி உலகமே வங்கிகளை ஐயத்துடன் நோக்கிய வேளையில், அக்டோபர் 31-ஆம் தேதி சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் வெளிவந்த ஒரு கட்டுரை, நடுவர் ஒருவரும் இல்லாமல் ஒருவர் மற்றொருவருக்குப் பணம் அனுப்பும் முறையை வகுத்தது. 2009 ஜனவரி 3-ஆம் தேதி பிட்காயின் ஓடத் தொடங்கிற்று. ஒரே பேரேட்டின் பிரதிகளை உலகெங்குமுள்ள பல்லாயிரம் கணினிகள் வைத்திருக்கின்றன. சுமார் பத்து நிமிஷத்துக்கொரு முறை புதிய பக்கம் சேர்கிறது. அப்பக்கத்தைக் கணக்கிட்டு முடிப்பவருக்குப் புதிய நாணயம் கூலியாகக் கிடைக்கிறது. அக்கூலி நான்காண்டுக்கொரு முறை பாதியாகக் குறைந்துகொண்டே வந்து, மொத்தம் 2 கோடியே 10 லட்சத்துக்கு மேல் நாணயம் உண்டாகாதபடி விதி செய்யப்பட்டிருக்கிறது. அறிவின் சாதனை என்ற முறையில் இது வியக்கத்தக்கதே.

ஆனால் நம் முதல் கேள்வியை இங்கே கேட்டால், பதில் சொல்ல ஒருவரும் இல்லை. மதிப்புக்கு உத்தரவாதம் கிடையாது. 2021 நவம்பரில் 68,000 டாலருக்கு மேல் விற்ற பிட்காயின், ஓராண்டு கழித்து 16,000 டாலருக்கும் கீழே இறங்கியது, பின்னர் மீண்டும் உயர்ந்தது. எல் சால்வடார் நாடு 2021 செப்டம்பரில் இதைச் சட்டப்படி செல்லும் பணமாக்கி, 2025 ஜனவரியில் கடைக்காரர் இதை ஏற்றே தீர வேண்டுமென்ற கட்டாயத்தை விலக்கிக்கொண்டது. டாலருக்குச் சமமாகவே நிற்குமென்று விளம்பரம் செய்யப்பட்ட டெர்ரா நாணயம் 2022 மே மாதத்தில் சில நாட்களில் சரிந்து மடிந்தது.

இரண்டாவது கேள்விக்கு வருவோம். நடுவரே வேண்டாமென்று பிறந்த இந்நாணயத்தைப் பெரும்பாலோர் வாங்குவது எக்ஸ்சேஞ்ச் என்னும் நடுவரிடம்தான். அவருக்கு வங்கிக்குரிய கட்டுப்பாடும் இல்லை, வைப்புக் காப்பீடும் இல்லை. 2014-இல் ஜப்பானின் மவுண்ட் காக்ஸும், 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸும் வீழ்ந்தன. 2024 ஜூலை 18-ஆம் தேதி, நம் நாட்டின் வசீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து 23 கோடி டாலருக்கு மேற்பட்ட மதிப்புள்ள நாணயங்கள் களவுபோயின. நாணயங்களை வெளியே எடுப்பது நிறுத்தப்பட்டு, தீர்வு சிங்கப்பூர் நீதிமன்றத்தில் தேடப்பட்டது. அவ்விவகாரத்தில் தம் நாணயங்கள் முடங்கியதாக வந்த ஒருவரின் வழக்கில், 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம், கிரிப்டோ நாணயம் சட்டத்தின் பார்வையில் ஒரு சொத்தே என்று கூறியது. உரிமை உண்டென்பது நிச்சயமாயிற்று. ஆனால் உரிமையைக் கைப்பொருளாக்க நீதிமன்றம் ஏறவேண்டியிருந்தது என்பதையும் மறக்கலாகாது. எக்ஸ்சேஞ்சை நம்பாமல், நாணயத்தைத் திறக்கும் சாவிச் சொற்களைத் தாமே வைத்துக்கொள்வோர், அச்சொற்கள் தொலைந்தால் மீட்டுத்தர உலகில் எவரும் இல்லை என்பதை அறிந்தே அப்படிச் செய்ய வேண்டும்.

சட்ட நிலையைச் சுருக்கமாகச் சொல்லலாம். இவற்றில் வியாபாரம் செய்வோருக்கு வங்கிச் சேவை கூடாதென்று ரிசர்வ் வங்கி 2018 ஏப்ரலில் இட்ட உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்தது. வாங்குவதும் விற்பதும் குற்றமல்ல. ஆனால் இது சட்டப்படி செல்லும் பணமும் அல்ல. 2022 ஏப்ரல் முதல் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அவ்வாண்டு ஜூலை முதல் விற்கும்போது 1 சதவீதப் பிடித்தமும் உண்டு. ஒன்றில் வந்த நஷ்டத்தை மற்றொன்றின் லாபத்தில் கழித்துக்கொள்ள அனுமதியில்லை. இதன் கடுமையை ஒரு கணக்கால் உணரலாம். ஒருவர் ஒரு நாணயத்தில் 1,00,000 ரூபாய் லாபமும், மற்றொன்றில் 80,000 ரூபாய் நஷ்டமும் அடைந்தால், உண்மையில் அவர் கையில் மிஞ்சுவது 20,000. வரியோ முழு லட்சத்துக்கும் 30,000, அதன்மேல் 4 சதவீதக் கூடுதல் வரி 1,200, ஆக 31,200. லாபம் சம்பாதித்ததாக நினைத்தவர் தம் கையிலிருந்து 11,200 ரூபாய் போட்டு வரி கட்ட வேண்டும்.

எனவே இதில் இறங்க விரும்புவோர், முழுவதும் போனாலும் குடும்பம் அசையாத தொகையை மட்டும் ஒதுக்குக. கடன் வாங்கியோ நகையை அடகு வைத்தோ இறங்காதீர்கள். 2023 மார்ச் முதல் எக்ஸ்சேஞ்சுகள் மத்திய நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்திருக்க வேண்டும்; பதிவில்லாத இடத்தில் கணக்குத் தொடங்காதீர்கள். முன்பின் தெரியாத நபருக்கு நேராக விற்று வங்கிக் கணக்கில் பணம் வாங்குவது பெரிய ஆபத்து. அப்பணம் எங்கோ நடந்த மோசடியிலிருந்து வந்ததாயின், உங்கள் கணக்கு முடக்கப்படும்.

கடன் செயலிகள்

அத்தாட்சியும் ஜாமீனும் கேட்காமல் ஐந்து நிமிஷத்தில் கடன் என்ற விளம்பரத்தில் உண்மையான நிறுவனமும் உண்டு, கொள்ளைக்காரரும் உண்டு. ஒருவர் 10,000 ரூபாய் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘செயல்முறைக் கட்டணம்’ என்று 3,000 பிடித்துக்கொண்டு 7,000 தருகிறார்கள். ஏழாம் நாள் 10,000 கேட்கிறார்கள். கையில் பெற்ற தொகைக்கு ஒரே வாரத்தில் சுமார் 43 சதவீத வட்டி இது. கட்டத் தவறினால், கைப்பேசியிலிருந்து எடுத்துவைத்த உறவினர் எண்களுக்கெல்லாம் இழிவான செய்திகள் பறக்கின்றன.

2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வகுத்த விதிகளே இங்கே உரைகல். கடன் தொகை, கொடுக்கும் வங்கி அல்லது நிதி நிறுவனத்தின் கணக்கிலிருந்து உங்கள் கணக்குக்கு நேரே வர வேண்டும். எல்லாக் கட்டணமும் சேர்த்த வருடாந்தர வட்டி வீதத்தை ஒரு விவரத்தாளில் முன்னரே தர வேண்டும். மனம் மாறினால், குறித்த சில நாட்களுக்குள் அசலையும் அந்நாட்களின் வட்டியையும் கட்டி விலகிக்கொள்ள இடமிருக்க வேண்டும். தொடர்பு எண்களையும் படங்களையும் செயலி எடுக்கக் கூடாது. செயலியைத் திறந்தவுடன் “கடன் கொடுப்பவர் யார்?” என்று தேடுங்கள், வங்கி அல்லது பதிவுபெற்ற நிதி நிறுவனத்தின் பெயர் கண்ணில் படாவிட்டால் அந்தச் செயலியை நீக்கிவிடுங்கள்.

குடும்பத்துக்கு ஓர் ஒழுங்கு

சம்பளமும் சேமிப்பும் வரும் கணக்கை யூபிஐயுடன் இணைக்காதீர்கள். வேறொரு சிறு கணக்கை இணைத்து, மாதத் தொடக்கத்தில் செலவுக்கு வேண்டியதை மட்டும் அதற்கு மாற்றிக்கொள்ளுங்கள். கைப்பேசி களவுபோனாலும் நஷ்டம் அந்த அளவோடு நிற்கும். வீட்டில் இரண்டொரு நாள் செலவுக்குரிய ரொக்கம் இருக்கட்டும். மின்சாரமோ இணையமோ நின்ற நாளில் செயலியால் ஆகக்கூடியது ஒன்றுமில்லை. 2025 நவம்பர் முதல் வங்கிக் கணக்குக்கு நான்கு நாமினிகள்வரை நியமிக்கலாம். கணக்குகள், வைப்புகள், காப்பீடுகள், டிஜிட்டல் சொத்துகள் எங்கெங்கே உள்ளன என்பதை ஒரு நோட்டில் எழுதி, வீட்டில் இன்னொருவருக்குச் சொல்லிவையுங்கள். ரகசிய எண்களை அந்நோட்டில் எழுத வேண்டாம். முதியோருக்குக் கைப்பேசி உதவும்போது, பின் எண்ணை அவர்களே அழுத்தப் பழக்குங்கள்; பேரப்பிள்ளைக்கும் சொல்லாதிருப்பது அவமரியாதை ஆகாது. கிளையுடன் உள்ள தொடர்பையும் அறுத்துவிடாதீர்கள். ஆண்டுக்கொரு முறையேனும் நேரில் சென்று கையொப்பம், முகவரி, தொலைபேசி எண் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்துவருவது நல்லது.

பிழை நேர்ந்தால்

மோசடி தெரிந்த கணமே 1930 என்ற எண்ணுக்கு அழைக்க வேண்டும். பணம் ஒரு கணக்கிலிருந்து மற்றொன்றுக்குத் தாவிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்துவதற்காக ஏற்பட்ட எண் அது. வெட்கத்தாலோ வீட்டாருக்கு அஞ்சியோ தாமதித்தால் அதனால் பயனில்லை. அடுத்து வங்கிக்குத் தெரிவித்துப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வகுத்த விதிப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இன்றி மூன்றாமவரால் நேர்ந்த நஷ்டத்தை மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் உங்களுக்குப் பொறுப்பில்லை. ரகசிய எண்ணை நீங்களே சொல்லியிருந்தால், தெரிவிக்கும்வரை போனது உங்களுடையது. தெரிவித்தபின் போவது வங்கியின் பொறுப்பு. எப்படிப் பார்த்தாலும் விரைந்து சொல்வதே லாபம். முப்பது நாளில் வங்கி பதில் தராவிட்டால், அல்லது தந்த பதில் திருப்தியாயில்லாவிட்டால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். வழி கேட்க 14448 என்ற எண் இருக்கிறது.

போலீஸ் அதிகாரி போலப் படத்தில் தோன்றி, “உங்களை டிஜிட்டல் முறையில் கைது செய்திருக்கிறோம்” என்று மிரட்டுவோருக்கு அஞ்ச வேண்டாம். அப்படியொரு கைது நம் சட்டத்தில் இல்லை. கமிஷன் தருகிறோம், உங்கள் கணக்கைச் சில நாள் கொடுங்கள் என்போருக்கு இணங்கினால், பிறர் செய்த குற்றத்தில் நீங்களும் எதிரியாக நிற்க நேரும்.

சுருக்கம்

வங்கி வைப்பு: வாக்குக் கொடுத்தவர் வங்கி, முறிந்தால் 5 லட்சம்வரை காப்பீட்டுக் கழகம்.
யூபிஐ: பணம் வங்கியில்தான் இருக்கிறது, முறையீடு முதலில் செயலிக்கும் உங்கள் வங்கிக்கும், பின்பு குறைதீர்ப்பாளருக்கும்.
வாலெட்: வாக்குக் கொடுத்தது அந்நிறுவனம், வைப்புக் காப்பீடு இல்லை.
டிஜிட்டல் ரூபாய்: வாக்கு ரிசர்வ் வங்கியுடையது, வட்டி இல்லை.
கிரிப்டோ நாணயம்: வாக்குக் கொடுத்தவர் எவரும் இல்லை, எக்ஸ்சேஞ்சில் இருந்தால் அதன் நாணயத்தை நம்பியும், உங்களிடம் இருந்தால் உங்கள் ஜாக்கிரதையை நம்பியும் இருப்பது.
கடன் செயலி: பின்னால் நிற்கும் பதிவுபெற்ற நிறுவனமே பொறுப்பாளி, அப்பெயர் இல்லையேல் கடனும் வேண்டாம்.

இப்பட்டியலில் இல்லாத புதிய சாதனங்கள் நாளை வரத்தான் போகின்றன. அவற்றை விற்க வருபவரிடம் அந்த இரண்டு கேள்விகளையும் கேளுங்கள். நேரான பதிலாக ஒரு பெயரும் ஒரு முகவரியும் வந்தால் மேற்கொண்டு விசாரியுங்கள். பதிலுக்குப் பதிலாக லாபக் கணக்கு வந்தால், அந்தப் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளுங்கள்.